புதிரும் நேர்மையும்

மணவிருந்தொன்றில் சிம்சோன் முப்பது தோழர்க்கு முன் ஒரு புதிர் விடுத்தான் என நியாயாதிபதிகளின் புத்தகம் கூறுகின்றது. தான் கொன்ற சிங்கத்தின் உடலுள் தேனீக்கள் கூடியிருந்ததும், அத்தேனைத் தான் எடுத்து உண்டதுமே அப்புதிரின் பொருள். இச்செய்தியை அவன் தன் தாய் தந்தையர்க்கும் உரைத்திலன். அங்ஙனமிருக்க, பந்தியில் அமர்ந்த தோழர் அதனை எவ்வாறு அறிவர்? முப்பது துப்பட்டியும் முப்பது மாற்றுவஸ்திரமும் பந்தயம். ஏழு நாள் தவணை. விடை கிட்டாத தோழர் ஈற்றில் மணமகளை அச்சுறுத்தி அதனைப் பெற்றனர். அவர் செய்தது கொடிது, ஐயமில்லை. ஆயினும், சிம்சோன் விடுத்தது புதிர்தானா என்னும் வினா வேதபாட வகுப்பில் இருந்த நாள் தொட்டே நம் மனத்துள் கிடந்தது.

அவ்வினாவை அண்மையில் மீண்டும் கிளறியவை கணினியில் ஆடும் சாகச விளையாட்டுகளாம். இவற்றை அறியாத பழைய மாணவர்க்காகச் சிறிது விரித்துரைப்போம். 1976-ஆம் ஆண்டையொட்டி வில் குரௌதர் என்னும் அமெரிக்கர், தாம் நேரிற் சென்று ஆராய்ந்த குகையொன்றை நினைவிற்கொண்டு, எழுத்தால் மட்டுமே நடக்கும் விளையாட்டொன்றை இயற்றினார். டான் உட்ஸ் என்பார் 1977-இல் அதனை விரிவாக்கினார். திரையில் ஓர் இடத்தின் வருணனை தோன்றும். ஆடுவோர் "விளக்கை எடு", "வடக்கே செல்" என ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்தல் வேண்டும். பின்னர்ப் படங்கள் வந்தன. 1987-இல் லூகாஸ்பிலிம் கேம்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட மேனியாக் மேன்ஷனில், "திற", "தள்ளு", "கொடு" முதலிய வினைச்சொற்கள் திரையின் அடியிலேயே எழுதப்பட்டிருந்தன. சொல்லையும் பொருளையும் சுட்டிச் சொடுக்கினாற் போதும். ஆசிரியர் எந்தச் சொல்லைக் கருதினாரோ என்று ஊகித்துத் தவிக்கும் இடர் அன்றே ஒழிந்தது. இவ்வகையைப் பாயிண்ட் அண்ட் கிளிக் என வழங்குவர். நாம் சுட்டுவிளையாட்டு என்போம். 'சுட்டு' என்றது விரலாற் சுட்டுதலையே அன்றித் துப்பாக்கியாற் சுடுதலை அன்று.

இவற்றில் வாள்வலியோ கைவேகமோ பெரும்பாலும் வேண்டுவதில்லை. பூட்டிய கதவு, வழிமறிக்கும் காவலன், குறுக்கே வீழும் அருவி என ஒரு தடை எதிர்ப்படும். கையிலுள்ள கயிறு, எலும்பு, மைக்கூடு இவற்றுள் ஒன்றனைத் தக்கவாறு பயன்படுத்தி அதனைக் கடத்தல் வேண்டும். ஆதலின் புதிரே இவற்றின் உயிர். புதிர் முறைதவறின், எழிலார் ஓவியமும் இனிய இசையும் என் செய்யும்?

புதிர்க்கு முறையாவது யாது? விடை அரிதாயிருத்தல் குற்றமன்று. விடையைக் கேட்டபின், "அந்தோ, கண்முன்னே இருந்ததே!" என்று ஆடுவோன் தன்னை நொந்துகொள்வானாயின் அப்புதிர் நேரியது. "இதனை யார்தாம் அறிவார்!" என்று புதிரிட்டவனை நோவானாயின் அது நேரியதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் பிசி என்னும் விடுகதையை, உவமத்தோடு பொருந்தி வருவது, கூறியது கொண்டு பொருள் துணியப்படுவது என இரண்டாகப் பகுத்தார். இரண்டிலும் விடைக்குரிய வழி சொல்லின் உள்ளேயே கிடத்தலை நோக்குக. சிம்சோன் விடுத்ததில் அவ்வழி இல்லை. சிங்கம் கிடந்த இடத்தை அவன் ஒருவனே கண்டான்.

நேர்மை பிறழ்ந்தவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சியரா நிறுவனத்தார் 1990-இல் கிங்ஸ் குவெஸ்ட் ஐந்தாம் பகுதியை வெளியிட்டனர். இயற்றியவர் ராபர்ட்டா வில்லியம்ஸ் அம்மையார். 1980-இலேயே சாகச விளையாட்டிற்குப் படம் சேர்த்த முன்னோடி. அவர் பெருமையை நாம் மறுக்கவில்லை. இதில் கிரஹாம் மன்னன் ஊர்க்கடையில் ஓர் இனிப்புப் பணியாரம் வாங்குவான். பின்னர்ப் பனிமலையில் ஏறும்போது அவனுக்குப் பசி மிகும். பசித்தவன் பணியாரத்தை உண்ணல் உலகியற்கை. உண்டானோ கெட்டான்! சிறிது தொலைவில் பனிமனிதன் ஒருவன் எதிர்ப்படுவான். அவன் முகத்தில் எறிதற்கென்றே அப்பணியாரம் இருந்ததாம். மற்றோரிடத்தில் பூனையொன்று எலியைத் துரத்தி ஓடும். அக்கணமே ஏதேனும் எடுத்தெறிந்து எலியைக் காத்தல் வேண்டும். காவாவிடின் அப்போது ஒன்றும் நேராது. நெடுநேரம் கழித்து, சத்திரத்து நிலவறையில் மன்னன் கட்டுண்டு கிடக்கும்போது, கயிற்றைக் கடித்துவிட அந்த எலி வாராது. இங்கே கொடுமை மரணமன்று. முட்டுச்சந்திற் புகுந்ததை அறியாமலே ஒருவன் மணிக்கணக்காக உழைப்பதும், அவ்வுழைப்பு வீணென அவனுக்கு யாரும் சொல்லாமையுமே கொடுமை.

இனி, புதுமை மிக்கதாயினும் நேர்மையில்லாத புதிர் ஒன்றுண்டு. அதே நிறுவனத்தாரின் கேப்ரியல் நைட் மூன்றாம் பகுதி (1999) அது. கதைத்தலைவன் தன் நண்பனைப்போல் வேடமிட்டு ஒரு மோட்டார் வண்டியை வாடகைக்கு எடுத்தல் வேண்டும். அதற்கு மீசை வேண்டுமாம். கொட்டகையின் ஓட்டையில் ஒட்டும் நாடாவை ஒட்டி, பூனைமேல் நீரைத் தெளித்து அதனை அவ்வழியே ஓடச் செய்து, நாடாவிற் சிக்கிய மயிரைச் சர்க்கரைப் பாகால் மேலுதட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும். வியப்பு இனிமேல்தான் உள்ளது. அந்நண்பனுக்கு மீசையே இல்லை! ஆகவே அவன் கடவுச்சீட்டிலுள்ள படத்திலும் ஒரு மீசையை வரைந்துவிட வேண்டும். இதற்கு முன் இத்தகைய புதிரை ஒருவரும் இயற்றியிருக்கமாட்டார். அதனை உறுதியாய்ச் சொல்லலாம். ஆனால் பூனையைக் கண்டு மீசையை நினைப்பார் யார்? விளையாட்டினுள் அந்நினைவை விதைத்தவர் ஒருவருமில்லை. ஆசிரியர் உள்ளத்தில் மட்டும் முளைத்த புதுமை ஆடுவோர்க்குச் சுவராய் நிற்கும். அக்காலத்தே நிறுவனங்கள் விடைக்குறிப்பு நூல்களை விலைக்கு விற்றன; கட்டணம் வாங்கித் தொலைபேசியிலும் குறிப்புரைத்தன. தோழர் மணமகளிடம் சென்றனர். இவர் தொலைபேசிக்குச் சென்றனர். வேறுபாடு பெரிதன்று.

இக்குறைகளை உள்ளிருந்தே கண்டு சொன்னவர் ரான் கில்பர்ட். மேனியாக் மேன்ஷனை ஆக்கியோருள் ஒருவராகிய அவர், சாகச விளையாட்டுகள் ஏன் சலிப்பூட்டுகின்றன என்பது குறித்து 1989-இல் ஒரு கட்டுரை வரைந்தார். இறந்து இறந்துதான் கற்க வேண்டும் என்னும் நிலை கூடாது. முன்பு எடுக்க மறந்த ஒரு பொருளுக்காக ஆடுவோனைப் பின்னர் ஒறுத்தல் கூடாது. காரணமின்றி விளையும் விடை கூடாது என்பன அவர் கொள்கைகளுட் சில.

அக்கொள்கைகளுக்குச் சான்றாய் 1990-இல் வெளிவந்தது அவர்தம் த சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட். கடற்கொள்ளையனாக விரும்பும் கைபிரஷ் த்ரீப்வுட் என்னும் இளைஞன் அதன் தலைவன். அத்தீவில் வாட்போர் வாளால் அன்று, வசையால் வெல்லப்படும். ஒருவன் ஒரு வசை கூறுவான்; அதற்குத் தக்க மறுமொழி தந்தவன் முந்துவான். ஒன்றும் அறியாத இளைஞன் வழியிற் கண்ட கொள்ளையரோடு பொருது தோற்பான். தோற்குந்தோறும் ஒரு புதிய வசை அவன் நினைவிற் சேரும். அதனைப் பிறிதொருவன்மேல் வீசி, அவன் தரும் மறுமொழியையும் கற்றுக்கொள்வான். பின்னர் வாள்வித்தையில் தலைசிறந்த கார்லாவை எதிர்க்கும்போது, அவள் கூறும் வசைகள் யாவும் முன் கேளாதன. மனப்பாடம் அங்கே உதவாது. ஆயினும், கற்ற மறுமொழிகளே, பொருளுணர்ந்து பொருத்தின், அப்புதிய வசைகளுக்கும் பொருந்தும். ஆங்கிலத்தை நூலாற் கற்ற நமக்கும் அப்புதிர் வழிவிட்டது. விளங்காத மறுமொழியைத் தோல்வியே விளக்கிற்று. இதனை முதன்முறை வென்றபோது நாம் எழுந்து நின்று கைதட்டினோம். அறைத்தோழர் உறங்கிக்கொண்டிருந்தார் என்பது பின்னரே நினைவிற்கு வந்தது.

இத்தகையோரே 1991-இல் வந்த இரண்டாம் பகுதியில் இடறினார் என்பதுதான் விந்தை. அதில் ஒரு தீவில் அருவியொன்று வீழும். அதன் உச்சியில் நீரைச் செலுத்தும் பம்பு ஒன்றுண்டு. அதனைத் திருகி நிறுத்தினால் அருவி நின்று பின்னேயுள்ள வழி தோன்றும். திருகுவதற்குக் கருவி யாது? வேறொரு தீவின் மதுக்கடையில் குரங்கொன்று பியானோ வாசித்துக்கொண்டிருக்கும். அதனருகே தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவியில் வாழைப்பழத்தை மாட்டினால், ஆடும் பழத்தையே நோக்கி நோக்கிக் குரங்கு மயங்கி விறைத்துப்போம். அக்குரங்கைச் சட்டைப்பையில் இட்டுக்கொணர்ந்து பம்பைத் திருக வேண்டும்! அமெரிக்க ஆங்கிலத்தில் திருகு கருவி ஒன்றற்கு 'மங்கி ரெஞ்ச்' என்று பெயர். இதுவே விடையின் மூலம். ஆங்கிலமே தாய்மொழியாகிய பிரித்தானியரும் இத்தகு கருவிகளை ஸ்பேனர் என்றே பெரிதும் வழங்குவர். அவர்வழி ஆங்கிலம் பெற்ற நம் ஊர்ப் பட்டறைகளிலும் ஸ்பேனர் என்பதே சொல். ஸ்பேனரில் குரங்கைத் தேடுவார் உளரோ? இதற்கு முன்னரே, 1981-இல் வந்த சோர்க் இரண்டாம் பகுதி, பேஸ்பால் ஆட்டத்தை அறிந்தோர்க்கே வழிவிடும் அறைகளைக் கொண்டிருந்தது. குறிப்புகளை உணர ஆடுவோன் அமெரிக்கனாய் இருத்தல் வேண்டா என்பதைக் கிரஹாம் நெல்சன் என்னும் ஆங்கிலேயர் 1990-களில் ஆடுவோர் உரிமைகளுள் ஒன்றாகவே எழுதிவைத்தார்.

தமிழ் மாணவராகிய நாம் சிலேடையைப் பழிக்கத் துணியோம். பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டிற் பொருள் அமைத்த காளமேகப் புலவரை எண்ணுந்தோறும் நம் உள்ளம் பூரிக்கும். ஆயின் அப்பாட்டைத் தமிழறியாத நண்பர் ஒருவர்க்கு விளக்கப் புகுந்தவர் யாரும் தம் கை வெறிதாய் இருத்தலைக் கண்டிருப்பர். சிலேடை வீட்டாருக்கு விருந்து. வழிப்போக்கனுக்குப் பூட்டிய கதவு.

பிறர் குறையைக் கூறிய நாம் நம் குறையையும் கூறுதல் முறை. சென்ற ஆண்டு விடுதி நாளில் சீட்டுத் தேடும் விளையாட்டொன்றை நடத்தினோம். ஒரு சீட்டிலுள்ள குறிப்பைக் கொண்டு அடுத்த சீட்டு மறைந்துள்ள இடத்தை அறிதல் வேண்டும். நான்காம் சீட்டில், "படித்தவர் காணாத படியிலே பார்" என்று எழுதினோம்; எழுதியபின் நம்மையே மெச்சிக்கொண்டோம். விடை, சமையற்கட்டில் அரிசி அளக்கும் பழைய இரும்புப் படி. நெல்லூரிலிருந்து வந்து பயிலும் நண்பர் ஒருவர் அன்று ஆடினார். நம்மோடு பழகியே தமிழ் கற்றவர் அவர். படித்தல் அறிவார், மாடிப்படி அறிவார், அளக்கும் படியை அறியார். நூல்நிலையத்தையும், விடுதியின் ஒவ்வொரு மாடிப்படியையும், கோயிலின் வாயிற்படியையும் அவர் மாலைவரை தேடினார். விடையைச் சொன்னபோது சினந்திலர். தமக்குத் தமிழ் இன்னும் வாரவில்லை என்றும், பிழை தம்முடையதே என்றும் கூறி நகைத்தார். அவர் நம்மைக் கடிந்திருப்பின் நமக்கு எளிதாயிருக்கும். பிழை நம்முடையதாக, நாணம் அவருடையதாயிற்று. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பணியாரத்தை உண்டவரும், குரங்கைக் கண்டும் காணாதவரும் எத்துணைப் பேர் தம் அறிவையே குறைகூறிக்கொண்டு விளக்கணைத்துப் படுத்தனரோ!

இதற்கு மாற்று உண்டா? உண்டு என்பதை ரிவன் என்னும் விளையாட்டிற் கண்டோம். ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்னும் உடன்பிறந்தார் நிறுவிய சயன் நிறுவனத்தார் ஆக்க, 1997-இல் வெளிவந்தது அது. ஆடுவோன் புகும் தீவுகளில் ஒரு கொடுங்கோலன் ஆள்கின்றான். அங்கு வழங்கும் எண்குறிகள் நாம் அறியாதன. அமெரிக்கரும் அறியார், தமிழரும் அறியார், அனைவரும் அங்கே அயலாரே. ஊரினுள் சிறுவர் பயிலும் பள்ளியறை ஒன்றுண்டு. அதில் ஒரு விளையாட்டுப் பொறி. சக்கரத்தைத் திருப்பினால் ஒரு குறி தோன்றும். கயிற்றில் தொங்கும் சிறு மனிதப் பாவை சில படிகள் கீழிறங்கும். கீழே கடல் விலங்கொன்று வாய்பிளந்து நிற்கும். படிகளை எண்ணினாற் குறியின் மதிப்புத் தெரியும். இவ்வாறு ஒன்று முதல் பத்துவரை கற்றபின், ஒன்றன் குறியைக் கிடையாகத் திருப்பியதே ஐந்தன் குறி என்பதையும், இரண்டன் குறியைத் திருப்பியது பத்து என்பதையும் நோக்கி, மேலுள்ள எண்களைத் தாமே அமைத்துக்கொள்ளலாம். அவ்வூரார் எண்ணுவது இருபத்தைந்தை அடியாகக் கொண்டு. நெடுந்தொலை சென்றபின், பெரிய பூட்டொன்றை இவ்வெண்களே திறக்கும்.

இது முன்னெவரும் செய்யாதது. ஆனால் வேண்டுவதனைத்தும் ஆடுவோன் கண்முன் வைக்கப்பட்டது. இன்னும் ஒன்று. அப்பொறி வெறும் பொறியன்று. அவ்வூர் நீர்நிலைமேல் அதே வடிவில் மெய்யான தூக்குமரம் நிற்றலை ஆடுவோன் காண்கின்றான். மனிதரை விலங்கிற்கு இரையாக்கும் கொடுமையைக் காட்டியே அவ்வூர்ச் சிறுவர்க்கு எண் கற்பிக்கப்படுகின்றது. எண்ணைக் கற்கும் நாமும் அவ்வச்சத்தையே உடன் கற்கின்றோம். அப்பள்ளியறையில் நெடுநேரம் சக்கரத்தைத் திருப்பாமல் அமர்ந்திருந்தோம்.

இவ்வாண்டு விடுதி நாளில் சீட்டு எழுதும் பொறுப்பு மீண்டும் நமக்கே வந்தது. ஆட்டம் தொடங்குமுன் வந்தவர்க்கெல்லாம் பொரியும் கடலையும் கலந்து கொடுத்தோம். அந்தப் பழைய இரும்புப் படியைச் சமையற்கட்டிலிருந்து கொணர்ந்து, "ஆளுக்குக் கால் படி" என்று உரக்கச் சொல்லி அளந்தே கொடுத்தோம். பின்னர் அதனை உரிய இடத்திற்கு அனுப்பிவிட்டோம். ஆறாம் குறிப்பு சென்ற ஆண்டின் குறிப்பேதான். ஓர் எழுத்தும் மாற்றவில்லை. படிக்குட் கிடந்த சீட்டுகளை முதலிற் கண்டவர் மதுரை மாணவர் ஒருவர். இரண்டாமவர் நெல்லூர் நண்பர். குறிப்பை வாசித்து, ஒருகணம் நின்று, கையிலிருந்த பொரியைப் பார்த்துவிட்டு அவர் சமையற்கட்டை நோக்கி ஓடியதை நாம் மாடியிலிருந்து கண்டோம்.