போகிக்குத் தப்பிய ஸ்ரீகாந்த்

போகிக்கு முந்தைய நாள் பரணைக் காலி செய்தோம். கிழிந்த பாய், கால் போன ஸ்டூல், கரையான் தின்ற நோட்டுகள் எல்லாம் வாசலில் குவிந்தன. என் ஏழாம் வகுப்பு அட்லஸைக் குவியலில் வீசும்போது உள்ளிருந்து ஓர் அட்டை நழுவி விழுந்தது. ஒரு மூலை மடங்கியிருந்தது. இன்னொரு மூலையை எலி கடித்திருந்தது. படத்தில் கிரிக்கெட் ஆட்டக்காரர் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த்.

"இதுக்கு எவ்ளோ தருவாங்கப்பா?" என்று மகன் கேட்டான். நெமிலிச்சேரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு தாளுக்கு என்ன விலை என்பது எனக்கு அத்துப்படி. இந்த அட்டைக்கு மட்டும் வாயில் விலை வரவில்லை.

அவன் கேட்டதிலும் தப்பில்லை. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டை கோடிக்கணக்கில் விலை போகிறது என்று எங்கோ பார்த்திருக்கிறான். அந்த அட்டைகள் பிறந்தது சிகரெட் பாக்கெட்டில். சிகரெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டை வைப்பார்கள். வெறும் அட்டைக்குப் பதில் ஆட்டக்காரர் படத்தை அச்சடித்தால் அடுத்த படத்துக்காக அடுத்த பாக்கெட்டும் வாங்குவார்கள் இல்லையா? 1909 முதல் 1911 வரை அப்படி வந்த வரிசை ஒன்றில் ஹோனஸ் வாக்னர் என்பவரின் அட்டை கொஞ்ச நாளிலேயே நின்றுபோனது. அவரே வேண்டாம் என்றார் என்கிறார்கள். புகையிலையோடு தன் படம் போவது பிடிக்கவில்லை என்று ஒரு பேச்சு, காசு தரவில்லை என்று இன்னொரு பேச்சு. எப்படியோ, மிஞ்சியவை சில டஜன்தான். அதில் ஒன்று 2022இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது.

பிறகு சிகரெட்டின் இடத்துக்கு பபிள் கம் வந்தது. டாப்ஸ் என்ற கம்பெனி 1952இல் போட்ட மிக்கி மேன்டில் அட்டை ஒன்று, அதே 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த 1952 வரிசையில் விற்காமல் தேங்கியதை 1960இல் படகில் ஏற்றிப்போய்க் கடலில் கொட்டினார்கள். சொன்னவர் அந்த அட்டைகளை உருவாக்கிய சை பெர்கரே. நாம் போகியில் போடுகிறோம், அவர்கள் தண்ணீரில் போட்டார்கள். தப்பியதற்குத்தான் விலை.

எங்கள் அட்டை வேறு சாதி. தொண்ணூறுகளில் பெட்டிக்கடையில் தொங்கும் டிரம்ப் கார்டு. படத்துக்குக் கீழே கட்டங்கள்: ஆடிய ஒருநாள் போட்டிகள், ரன், அதிகபட்ச ரன், விக்கெட், கேட்ச். சீட்டைப் பங்கு போட்டுக்கொண்டு, அவரவர் மேல்சீட்டில் ஒரு கட்டத்தைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். யாருடைய எண் பெரிதோ அவருக்கு எதிராளியின் சீட்டு.

எனக்கும் அக்காவுக்கும் ஆளுக்குப் பாதி. அப்போது என்னிடம் ஸ்ரீகாந்த், அவளிடம் கவாஸ்கர். "கவாஸ்கரைக் குடு, ஸ்ரீகாந்தைத் தரேன்" என்று நான்தான் கேட்டேன். டெஸ்டில் பத்தாயிரம் ரன்னை முதலில் தொட்டவர் கவாஸ்கர், அவருக்கு மேல் சீட்டு ஏது என்று நினைப்பு. அக்கா ஒரு வார்த்தை பேசாமல் மாற்றிக்கொண்டாள். அவள் பெயரைப் பார்க்கவில்லை, கட்டத்தைப் பார்த்திருக்கிறாள். போட்டி 146க்கு 108. ரன் 4091க்கு 3092. அதிகபட்சம் 123க்கு 103. கேட்ச் 42க்கு 22. விக்கெட் 25க்கு ஒன்றே ஒன்று. எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஸ்ரீகாந்த்தான். சராசரிக்குக் கட்டம் இருந்திருந்தால் கவாஸ்கர் பிழைத்திருப்பார்: அவருக்கு 35.13, இவருக்கு 29.01. அந்தக் கட்டம் எங்கள் சீட்டில் இல்லை. அரைமணியில் கவாஸ்கரும் அவளிடமே போய்ச் சேர்ந்தார்.

அந்த 25 விக்கெட்டுக்கும் ஒரு கதை உண்டு. ஸ்ரீகாந்த் பந்துவீச்சாளரே இல்லை. டெஸ்டில் அவருக்கு ஒரு விக்கெட்கூடக் கிடையாது. ஆனால் 1988 டிசம்பரில் நியூசிலாந்து வந்திருந்தபோது விசாகப்பட்டினத்தில் 70 ரன் அடித்து, 27 ரன் கொடுத்து 5 விக்கெட்டும் எடுத்தார். அதே வாரம் இந்தூரில் இன்னொரு 5. வாழ்நாள் கணக்கில் ஐந்தில் இரண்டு பங்கு இரண்டே ஆட்டத்தில்.

எங்களுக்கு அவரைத் தெரிந்தது அப்பாவால்தான். ஆவடி டாங்கி ஃபாக்டரி வேலை முடிந்து சைக்கிளில் வந்ததும் முற்றத்தில் ஸ்ரீகாந்த் மாதிரி நடந்து காட்டுவார். மூக்கை உறிஞ்சி, சூரியனை அண்ணாந்து பார்த்து, ஒவ்வொரு பந்துக்கும் பிறகு ஸ்கொயர் லெக் பக்கம் ஒரு நடை. கிண்டி என்ஜினீயரிங் காலேஜில் எலக்ட்ரிகல் படித்தவர் என்பதை மறக்காமல் சொல்வார். எங்களைப் படிக்க வைக்க அதுவும் ஒரு சாக்கு. அந்த நடையே 1981இல் பம்பாயில் அவரைக் கவிழ்த்தது. முதல் டெஸ்ட், இரண்டாவது இன்னிங்ஸ், 13 ரன். பந்தைத் தட்டிவிட்டு ஏதோ யோசனையில் கிரீஸை விட்டு நடந்தார். எதிரணி இங்கிலாந்துக்காரர் ஒருவர் ஸ்டம்பைப் பார்த்து எறிந்தார். ரன் அவுட்.

1987 பிப்ரவரியில் பாகிஸ்தான் வந்தபோது அப்பா லீவு போட்டு, பட்டாபிராமில் ரயிலேறிச் சேப்பாக்கம் போனார். இம்ரான் கான், வாசிம் அக்ரம், அப்துல் காதர் மூவரையும் வைத்துக்கொண்டு ஸ்ரீகாந்த் 123 அடித்த டெஸ்ட் அது. வெயிலில் கழுத்து தோலுரிந்து திரும்பினார் என்று அம்மா இன்னும் சொல்வாள். சிட்னியில் ஒரு வருஷம் முன்னால் 116. 43 டெஸ்டில் சதம் இந்த இரண்டுதான்.

எங்கள் சீட்டுக்கட்டில் எளிதில் அசைக்க முடியாத சீட்டு ஒன்று உண்டு: வெஸ்ட் இண்டீஸின் விவியன் ரிச்சர்ட்ஸ். 187 போட்டி, 6721 ரன், அதிகபட்சம் 189, விக்கெட் 118, கேட்ச் 100. ஸ்ரீகாந்த் எந்தக் கட்டத்திலும் கிட்டே நெருங்க முடியாது. ஒருமுறை அப்படித்தான் அக்காவின் ஸ்ரீகாந்தை ரிச்சர்ட்ஸை வைத்து அடித்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா சொன்னார்: "லார்ட்ஸ்ல இவரு 38, அவரு 33டா."

1983 ஜூன் 25, உலகக் கோப்பை இறுதி. இந்தியா மொத்தமே 183. ராபர்ட்ஸ் பந்தை ஒரு முட்டி போட்டு பவுண்டரிக்கு விரட்டிய ஸ்ரீகாந்தின் 38தான் அன்று இரண்டு அணியிலும் தனியொருவர் அடித்த அதிகபட்ச ரன். ரிச்சர்ட்ஸ் 33இல் கபில்தேவ் கையில் பிடிபட்டார். வெஸ்ட் இண்டீஸ் 140க்குச் சுருண்டது. அந்த 38, சீட்டில் 4091க்குள் கரைந்து கிடக்கிறது. தனியாக எடுத்துக் காட்ட ஒரு கட்டம் இல்லை.

கட்டத்துக்குள் அடங்காதது இன்னும் இருக்கிறது. 1989இல் அணித்தலைவராகப் பாகிஸ்தான் போனார். நான்கு டெஸ்டும் டிரா. பதினாறு வயது டெண்டுல்கர் முதன்முதலில் ஆடியது அவர் தலைமையில்தான். திரும்பி வந்ததும் தலைமை பறிபோனது, அணியில் இடமும் போனது. மறுபடி உள்ளே வந்து, 1992இல் பெர்த் டெஸ்டில் ஒரே இன்னிங்ஸில் 5 கேட்ச் பிடித்தார். அடுத்த மாதம் உலகக் கோப்பையோடு ஆட்டம் முடிந்தது. 2011இல் கோப்பை வென்ற அணியைத் தேர்ந்தெடுத்த குழுவுக்கு அவர்தான் தலைவர்.

அமெரிக்காவில் அட்டையைப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்களாம். மூலை மழுங்கியிருந்தால் மார்க் குறையும். எலி கடித்ததற்கு எவ்வளவு குறைப்பார்கள் என்று மகன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். நான் அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அக்காவுக்கு அனுப்பினேன்.

ரிச்சர்ட்ஸை வைத்து நான் ஜெயித்த ஸ்ரீகாந்தை மறுநாளே அவள் திரும்ப ஜெயித்துக்கொண்டாள். அன்று ராத்திரி அவள் பையிலிருந்து அதை எடுத்து அட்லஸில் ஒளித்தவன் நான். "தொலைச்சிட்டியா?" என்று அவளையே கேட்டு அழவும் வைத்தேன். முப்பது வருஷமாக அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது.

"திருட்டுப் பயலே. காணும் பொங்கலுக்கு வரேன், எடுத்து வை."