ஜெயித்தும் தோற்ற கதை



ராஜபாளையத்தில் ஒரு கூடைப்பந்து ஆட்டம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாங்கள் நாலு பேர் பஸ் பிடித்துப் போயிருந்தோம். கடைசி 20 விநாடி. நம்ம டீம் 13 பாயிண்ட் முன்னிலை. வெற்றி நிச்சயம். நம்ம பையன் பந்தைத் தட்டிக்கொண்டே நேரத்தை ஓட்டினான். தோற்றவர்களை மேலும் நோகடிக்க வேண்டாமே என்ற பெருந்தன்மை! எல்லோரும் கை தட்டினார்கள். என் பக்கத்திலிருந்த நண்பன் மட்டும், "கூடையில போட்டுத் தொலைடா!" என்று நம்ம ஆளையே திட்டினான்.

திரும்பி வரும்போதுதான் விஷயம் தெரிந்தது. 14 பாயிண்டாவது வித்தியாசம் வரும் என்று 500 ரூபாய் பந்தயம் கட்டியிருக்கிறான். அதுவும் பரீட்சை ஃபீஸ் பணம்! பஸ்ஸுக்குக் கூட நான்தான் காசு கொடுத்தேன்.

இதற்கு அமெரிக்காவில் 'பாயிண்ட் ஸ்பிரெட்' என்று பெயர். பலமான அணிக்கும் பலவீனமான அணிக்கும் மோதல் என்றால் யார் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்ட ஆள் வராது. ஆகவே, 'எத்தனை பாயிண்ட் வித்தியாசத்தில்?' என்று கேள்வியையே மாற்றிவிடுகிறார்கள். சமமாக முடிந்து தகராறு வராமலிருக்க 13.5 என்று அரைப் பாயிண்டும் சேர்ப்பதுண்டு.

நாம் கணக்குப் படித்தவர்கள்தானே, கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். அங்கே வழக்கமாக 100 ஜெயிக்க 110 கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் கட்டினால் வசூல் 220. ஜெயித்தவனுக்குக் கொடுப்பது 210. மீதி 10 தரகருக்கு. யார் ஜெயித்தாலும் அவருக்கு நஷ்டமில்லை! நாம் கைப்பணம் போகாமல் தப்பவே நூற்றுக்கு 52 தடவைக்கு மேல் ஜெயிக்க வேண்டும். லேசான காரியமா?

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அணியைத் தோற்கடிக்காமலேயே ஆட்டக்காரன் துரோகம் செய்யலாம். நாலு பந்தைத் தவறவிட்டு வித்தியாசத்தைக் குறைத்தால் போதும். நியூயார்க் சிட்டி கல்லூரி அணி 1950-ல் ஒரே ஆண்டில் இரண்டு பெரிய தேசியப் பட்டங்களை வென்றது. மறு வருடமே, இப்படிப் பாயிண்ட் குறைக்கப் பணம் வாங்கியதாக அதன் வீரர்கள் கைதானார்கள். அவர்களும் நம்மைப் போல் மாணவர்கள்தான்!

நம்ம ஊர் மட்டும் விதிவிலக்கா? 2013 ஐ.பி.எல். பந்தய விவகாரத்தால் சென்னை அணி 2016, 2017 இரண்டு வருடமும் களத்திலேயே இல்லை. பந்தயம் கட்டாத லட்சக்கணக்கான ரசிகர்களும் அந்தத் தண்டனையை அனுபவித்தோம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் கொண்டுவந்தது. ஆனால் ஹாஸ்டல் ரூமிலும் டீக்கடை பெஞ்சிலும் வாய்ப்பேச்சாக நடக்கும் பந்தயத்தை நாம்தான் நிறுத்த வேண்டும்.

நண்பனின் பரீட்சை ஃபீஸை நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டிவிட்டோம். அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிட்டபோது, "பந்தயம் இல்லாம என்னடா மேட்ச்? போரடிக்கும்" என்றான். முன்பெல்லாம் ஒவ்வொரு கூடைக்கும் எழுந்து நின்று விசில் அடித்தவன் அவன்தான். 500 ரூபாயை நாங்கள் ஈடுகட்டிவிட்டோம். அந்த விசிலை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

யோசியுங்கள் நண்பர்களே!