பிள்ளை மனம் அறிய வேண்டும்

ஹட்டன், நுவரெலியா தோட்டங்களிலிருந்து மத்திய கிழக்கிற்குப் பணிப்பெண்களாகச் செல்லும் தாய்மார், பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணியே செல்கின்றனர். ஆனால், லயக் காம்பராவில் பாட்டியிடம் விடப்பட்ட பிள்ளை அப்பிரிவை எவ்வாறு விளங்கிக்கொள்கிறது என்பதே எமது கவலை.

பெற்றோர் நேசித்தால் மட்டும் போதாது, தான் நேசிக்கப்படுவதைப் பிள்ளை உணரவும் வேண்டும் என்கிறார் அமெரிக்க அறிஞர் ரொனால்ட் ரோனர். அவரும் அப்துல் காலிக்கும் 2002இல் பல நாடுகளின் 43 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். புறக்கணிக்கப்பட்டதாக உணரும் பிள்ளைகளிடம் கோபம், தாழ்வு மனப்பான்மை, உலகின் மீதான அவநம்பிக்கை ஆகியன இன, மத, பண்பாட்டு பேதமின்றித் தலைதூக்குகின்றன என்பதே அவர்களது முடிவின் சாரம்.

5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தாய்மார் பணிப்பெண்களாகச் செல்வதை 2013இல் கட்டுப்படுத்திய அரசு, 2022இல் அவ்வயதெல்லையை 2 ஆகக் குறைத்தது. வறுமை நீங்காதவரை இப்பயணங்கள் நிற்கப்போவதில்லை. எனினும், பிரிவு புறக்கணிப்பாகிவிடாமல் தடுக்க இயலும். தந்தையின் அன்பும் தாயன்புக்கு நிகரான வலிமையுடையது என ரோனரின் ஆய்வுகள் கூறுகின்றன. எனவே, பிள்ளையைப் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டுத் தந்தை ஒதுங்கிவிடலாகாது. அம்மா ஏன் சென்றார் என்பதை அவர் பிள்ளைக்கு எடுத்துரைக்க வேண்டும். தொலைபேசியில் தாயின் குரல் தவறாது ஒலிக்க வேண்டும். பிள்ளை மடுவப் பொறுப்பாளர்களும் ஆசிரியர்களும் வாடிய முகங்களைக் கவனித்து அரவணைக்க வேண்டும். வரும் பணம் வயிற்றை நிரப்பும். மனதை நிரப்ப மனிதர்களே வேண்டும்.