சுத்தியலுக்கு அசராத ஐஸ்

ஐஸ் கட்டியைத் தரையில் போட்டால் சில்லுச் சில்லாகச் சிதறிவிடும். இதைக் கொண்டு போர்க்கப்பல் கட்டலாம் என்று ஒருவர் சொன்னார். சிரிக்காதீர்கள், பிரிட்டன் பிரதமர் சர்ச்சிலே தலையாட்டிய திட்டம் அது!

இரண்டாம் உலகப்போர் நேரம். அட்லாண்டிக் நடுக்கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. கரையிலிருந்து கிளம்பும் விமானங்களுக்கு அவ்வளவு தூரம் எட்டவில்லை. அப்போது ஜெஃப்ரி பைக் என்பவர், 'பனிக்கட்டியால் மிதக்கும் விமானத்தளம் செய்வோம்' என்றார். நீளம் 600 மீட்டர்!

ஆனால் வெறும் ஐஸில் ஒரு விரிசல் விழுந்தால் போதும், தடுக்க ஆளில்லாமல் மறுமுனை வரை ஓடிவிடும். நியூயார்க் ஆய்வாளர்கள் இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். எடையில் 86 பங்கு தண்ணீருக்கு 14 பங்கு மரக்கூழோ மரத்தூளோ கலந்து உறைய வைத்தார்கள். மண்சுவருக்கு வைக்கோல் சேர்ப்பதுபோலத்தான். ஓடிவரும் விரிசலை மர இழைகள் குறுக்கே நின்று மறித்துவிடும். உருகும்போதும் வெளியே மிஞ்சுகிற ஈர மரத்தூள், வெப்பத்தைச் சட்டென்று உள்ளே விடாது. இந்தக் கலவைக்குப் பைக்ரீட் என்று பெயர் வைத்தார்கள்.

1943இல் கனடாவின் கியூபெக்கில் தளபதிகள் கூடியிருந்தார்கள். பிரிட்டன் தளபதி மவுண்ட்பேட்டன் துப்பாக்கியை எடுத்து வெறும் ஐஸைச் சுட்டார், தூள்தூளானது. அடுத்து பைக்ரீட்டைச் சுட்டார். குண்டு தெறித்துத் திரும்பி, நின்றவர்களின் கால்களுக்கிடையே பறந்தது! கூட்ட அறைக்குள் இப்படியா சோதனை செய்வது?

அப்படியானால் கப்பல் ஏன் வரவில்லை? லண்டனில் இறைச்சிச் சந்தைக்கு அடியில் இருந்த குளிர்க்கிடங்கில் இதை ஆராய்ந்தவர் மேக்ஸ் பெருட்ஸ். பின்னாளில் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். பைக்ரீட் உடையாது, ஆனால் தன் எடை தாங்காமல் மெல்ல மெல்லத் தொய்யும் என்று அவர் கண்டார். தொய்யாமலிருக்க மைனஸ் 15 டிகிரி குளிர் வேண்டும். அதற்குக் கப்பல் முழுக்கக் குளிரூட்டும் குழாய்கள் ஓட வேண்டும். செலவு எகிறியது. நெடுந்தூரம் பறக்கும் விமானங்களும் வந்துவிட, திட்டம் கைவிடப்பட்டது.

பைக்ரீட் மட்டும் மறையவில்லை. 2014இல் நெதர்லாந்து மாணவர்கள் பின்லாந்தில் ஒரு ராட்சத பலூனை ஊதி, அதன்மேல் இந்தக் கலவையைப் பீய்ச்சி, சுமார் 30 மீட்டர் அகலத்துக்குக் குவிமாடமே எழுப்பினார்கள்.

நீங்களும் செய்யலாம். தச்சுப் பட்டறையில் கொஞ்சம் மரத்தூள் கேளுங்கள். முதல் நாளே ஊற வையுங்கள். இல்லாவிட்டால் மேலே மிதந்துவிடும். ஒரு கிண்ணத்தில் கலவை, இன்னொன்றில் வெறும் தண்ணீர். உறைந்ததும் இரண்டையும் தனித்தனித் துணியில் சுற்றி, அப்பாவையோ அம்மாவையோ சுத்தியலால் அடிக்கச் சொல்லுங்கள்.