பழைய ஹார்டு டிஸ்க் ஏன் ‘டக் டக்’ என்கிறது?

ஹார்டு டிஸ்க்குக்குள் வழவழப்பான தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றைப் படிக்கும் தலை தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில், காற்றின் மெல்லிய படலத்தில் மிதக்கிறது. தட்டில் பதிந்துள்ள வழிகாட்டிக் குறிகளைப் படிக்க முடியாதபோது தலை பின்வாங்கி, மறுபடி முயல்கிறது. அந்த ஓயாத அலைச்சல்தான் ‘டக் டக்’.

சத்தமே இல்லை, ஆனால் கம்ப்யூட்டர் ஊர்கிறது என்றால்? படிக்க முடியாத செக்டரை (தட்டின் ஒரு சிறு பகுதியை) டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அதுவரை விண்டோஸ் உறைந்து நிற்கும். பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஐடிஇ என்ற பழைய வகை இணைப்பில் உள்ள டிஸ்க்கில் பிழைகள் சேரச்சேர, தரவு நேரே நினைவகத்துக்குப் போகும் வேகமான டிஎம்ஏ முறையைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் பிராசஸரே தரவைச் சுமக்கும் பிஐஓ முறைக்கு இறக்கிவிடும். காரணம் வெறும் கேபிளாகவும் இருக்கலாம்!

கோளாறு கேபிளிலா, தட்டிலா என்று பிரித்தறிய, டிஸ்க் தானே எழுதிவைக்கும் ‘ஸ்மார்ட்’ குறிப்பைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்கள் அதைக் காட்டும். 199 என்ற அடையாள எண்ணுள்ள வரியில் பிழை எண்ணிக்கை ஏறினால் கேபிளை மாற்றிப் பாருங்கள். 5, 197 எண்ணுள்ள வரிகளில் ஏறினால் தட்டே கெடுகிறது.

பலர் உடனே விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை (chkdsk) /r கட்டளையோடு ஓடவிடுகிறார்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மூலைமுடுக்கெல்லாம் படிக்கவைப்பது அது. முதலில் முக்கியக் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். ‘டக் டக்’ கேட்டாலோ, கம்ப்யூட்டரையே அணைத்துவிடுங்கள்: தலை உரசினால் தட்டின் காந்தப் பூச்சு போகும், அதோடு தகவலும். ஃப்ரீசரில் வைக்கும் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். வெளியே எடுத்ததும் ஈரம் படியும்.