அச்சச் சுவையும் அச்ச நாவலும்

நள்ளிரவு வரை நாவல் படித்துவிட்டு, விளக்கை அணைக்க மனமின்றிக் கிடந்த அநுபவம் நம் விடுதி மாணவருட் பலர்க்கும் உண்டு. மறுநாட் காலையில் எடுத்துப் பார்க்குங்கால் அந்நூல்களுட் சில நகைப்பையே விளைக்கின்றன. சிலவோ பகல் வெளிச்சத்திலும் நம்மை விடாது தொடர்கின்றன. இவ்வேறுபாடு எதனால் உண்டாகின்றது? ஓர் அச்ச நாவலை நெஞ்சு துடிக்கப் படிக்கச் செய்வதும், படித்தபின் சிந்திக்கச் செய்வதும் யாவை? இவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அச்சம் என்பது தமிழ் நூலோர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கென வகுத்தனர். அணங்காவது வருத்தும் தெய்வமும் பேயும் போல்வன. இறையாவார் அரசர் முதலாய தலைவர். இந்நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பன. சிறந்த அச்ச நாவல்களோ இவற்றின் வேறாகிய ஐந்தாவதொன்றையும் காட்டுகின்றன என்பது எம் கருத்து. அஃது யாதென்பதை ஒரு நூல் கொண்டு விளக்குவாம்.

ராபர்ட் லூயி ஸ்டீவென்ஸன் 1886-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டாக்டர் ஜெகிலும் மிஸ்டர் ஹைடும்’ பத்தே அதிகாரங்களையுடைய சிறு நூல். ஜெகில் லண்டன் நகரத்தில் நற்பெயர் வாய்ந்த மருத்துவர். அவர் தாம் இறப்பினும் மறைந்தொழியினும் தம் சொத்தனைத்தும் ஹைட் என்னும் கொடியவனையே சேர்க என மரண சாசனம் எழுதி வைக்கின்றார். ஏன்? இவ்வினாவே கதைக்கு உயிர்.

ஆசிரியர் இக்கதையை ஜெகிலின் வாயிலாகத் தொடங்கவில்லை. அவர் நண்பரும் வழக்கறிஞருமாகிய அட்டர்ஸனோடு நம்மை நடத்திச் செல்கின்றார். அவர் அறிந்த அளவே நாமும் அறிகின்றோம். முதற்கண், அழைப்பு மணியோ தட்டுதற்குரிய வளையமோ இல்லாத ஒரு கதவு காட்டப்படுகின்றது. ஒரு சிறுமியை மிதித்துச் சென்ற ஹைட், ஈடு கொடுத்தற்பொருட்டு அதனுள்ளே புகுந்து, ஊரறிந்த ஒருவர் கையொப்பமிட்ட காசோலையுடன் மீள்கின்றான். பின்னர் ஜெகிலின் கையெழுத்தும் ஹைடின் கையெழுத்தும் ஒத்திருத்தலை ஒரு குமாஸ்தா காண்கின்றான். நண்பர் லானியன் சொல்லொணாத காட்சியொன்றைக் கண்டு நோயுற்று இறக்கின்றார். ஜெகில் இறக்கும் வரையிலோ மறையும் வரையிலோ திறவற்க என்னும் குறிப்புடன் அவர் விடுத்த கடிதத்தை, வழக்கறிஞர் திறவாமலே பூட்டி வைக்கின்றார். அவர் கை அடங்குகின்றது. நம் கையோ துடிக்கின்றது. ஒவ்வொரு விடையும் வேறொரு வினாவைப் பெற்றெடுத்தலே இந்நூலின் விறுவிறுப்புக்குக் காரணமாம்.

இன்னொன்றும் நோக்கற்பாலது. ஹைடைக் கண்டோர் எல்லாரும் அருவருக்கின்றனர். ஆயின் அவனிடத்துள்ள குறை இன்னதென எவராலும் சொல்ல முடியவில்லை. கோரைப் பல்லும் செங்கண்ணும் வரைந்து காட்டியிருப்பின், நாம் ஒருமுறை திடுக்கிட்டுப் பின் அமைதியுற்றிருப்போம். ஆசிரியர் சொல்லாது விட்டதை நம் மனமே தீட்டிக்கொள்ளுதலின் அச்சம் பெருகுகின்றது.

ஆயினும் ஈண்டு ஓர் ஐயம் எழும். ஜெகிலும் ஹைடும் ஒருவரே என்னும் மறைபொருளை இன்று இந்நூலைப் படியாதாரும் அறிவர். மறைபொருள் வெளிப்பட்டபின் நூல் சுவையற்றுப் போதல் வேண்டுமன்றோ? போகவில்லை. இறுதி அதிகாரமாகிய ஜெகிலின் வாக்குமூலமே அதற்குச் சான்று. தம் நற்பெயர் கெடாமல் தீய இன்பம் துய்த்தற்கென்றே அவர் மருந்துண்டு ஹைடாக மாறினார். முதலில் ஹைடாவதற்கு மருந்து வேண்டியிருந்தது. ஒருநாட் காலை கண்விழித்தபோது, மருந்துண்ணாமலே, படுக்கைமேற் கிடந்த தம் கை மெலிந்து மயிரடர்ந்த ஹைடின் கையாயிருக்கக் கண்டார். பின்னர் ஜெகிலாக மீள்வதற்கே மருந்து வேண்டியதாயிற்று. தீய வழக்கம் தன்னை ஆண்டவனையே ஆளத் தொடங்கும் முறை இதுவன்றோ? தேர்வுக்கு முன் ஒருநாள் மட்டும் என்று சோம்பியிருந்த நமக்கு இக்காட்சி முற்றும் புதியதன்று.

அவ்வாக்குமூலத்தில், ஹைடின் நிலையைக் கூறுமிடத்து ஜெகிலுக்கு ‘யான்’ என்று சொல்ல நா எழவில்லை, ‘அவன்’ என்கின்றார். தன்மையிற் கூறற்பாலதைப் படர்க்கையிற் கூறும் இவ்வோர் இட வழுவில், பத்துப் பேய்க்கதைகளில் இல்லாத அச்சம் அடங்கிக் கிடக்கின்றது.

மேரி ஷெல்லி 1818-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிராங்கென்ஸ்டைன்’ என்னும் நாவலும் இத்தகையதே. படைத்தவனாற் கைவிடப்பட்ட கோர உருவம் தன் துயரைத் தானே எடுத்துரைக்கும்போது, அஞ்சிய நாம் இரங்கத் தொடங்குகின்றோம். குற்றவாளி எவன் என்னும் வினா நம்மிடமே வந்து நிற்கின்றது.

ஆகவே, மறைத்தல் விறுவிறுப்பைத் தரும். மறைந்தது வெளிப்பட்ட பின்னும் எஞ்சி நிற்கும் வினாவே சிந்தனையைத் தரும். யாம் கூறிய ஐந்தாம் நிலைக்களன் அஞ்சுவோனது நெஞ்சமே. அச்ச நாவல் எழுதப் புகும் நம் மாணவ நண்பர்கள், பேயின் உருவத்தைத் தீட்டுமுன், தம் கதைமாந்தன் எதனை ‘யான்’ என்று ஒப்ப அஞ்சுகின்றான் என்பதை எண்ணித் தொடங்குவாராக.