ஜனவரி ஜிம்மும் சனிக்கிழமை எண்ணெயும்

ஜனவரி முதல் வாரத்தில் ஜிம்மில் டிரெட்மில்லுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். மாட்டுப் பொங்கல் தாண்டிப் போனால், பாதி மிஷின்கள் சும்மா நிற்கும். ஒரு வருடச் சந்தாவை மொத்தமாக வாங்கிப் போட்டுவிட்ட ஜிம்காரருக்கு இதில் பெரிய வருத்தம் இருக்காது. யோகா பாய், தியான ஆப், காலையில் ஊறவைத்துக் குடிக்க வாங்கிய சியா விதை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மூன்றாம் வாரம், பழைய குருடி கதவைத் திறடி.

பழக்கம் ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டால், 'எனக்கு மன உறுதி போதாது' என்று தன்னையே நொந்துகொள்கிறவர்கள்தான் அதிகம். போதாக்குறைக்கு, '21 நாள் விடாமல் செய்தால் பழகிவிடும்' என்ற கணக்கு வேறு ஊர் முழுக்கச் சுற்றுகிறது. இதற்கு மூலமாகச் சொல்லப்படுபவர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் மேக்ஸ்வெல் மால்ட்ஸ். முகத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரியும் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் போகப் போகக் கழன்று விழுந்துவிட்டது. மூக்கு ஆபரேஷனுக்குச் சொன்னது மூச்சுப் பயிற்சிக்கும் சட்டமாகிவிட்டது.

உட்கார்ந்து அளந்து பார்த்தவர்கள் சொன்னது வேறு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை 84 நாள் கவனித்தார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் கால் மணி நேர ஓட்டம் என்று ஆளுக்கொரு சின்னப் பழக்கம். யோசிக்காமல் தானாகக் கை போகும் நிலை வருவதற்கு ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் 18 நாளிலிருந்து 254 வரை. (ஆய்வு நடந்ததே 84 நாள்தான், 254 என்பது வரைபடத்தை நீட்டிப் போட்ட கணக்கு.) தண்ணீர் குடிப்பது சீக்கிரம் பழகியது, உடற்பயிற்சி இழுத்தடித்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது.

எண்களைவிட அந்த ஆய்வின் அமைப்பே சுவாரசியம். ஒவ்வொரு பழக்கத்தையும் ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு கோத்துவிட்டார்கள். இந்தச் சூட்சுமம் நம் வீடுகளில் எப்போதோ இருந்தது. எண்ணெய்க் குளியல் ஆண்களுக்குப் புதன், சனி. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டு, மிளகு வெடிக்கும் வரை காய்ச்சுவார்கள். பொறுக்கும் சூட்டில் உச்சந்தலையில் வைத்துத் தட்டி, அரை மணி நேரம் ஊறவிட்டு, சீயக்காயோ அரப்போ தேய்ப்பார்கள். கண்ணில் சீயக்காய் விழுந்து அலறாத பிள்ளை கிடையாது. பிறகு சாம்பிராணிப் புகையில் தலை உலர்த்தல், மிளகு ரசம். அன்று பகல் தூக்கம் கூடாது.

இதன் மருத்துவப் பலன் எவ்வளவு என்பது தனிப் பேச்சு. பழக்கமாக அது தலைமுறைகள் தாண்டி நின்றதற்குக் காரணம் கிழமை. அன்றைய சமையல் வரை முன்கூட்டியே முடிவாகிவிட்டதால், 'இன்றைக்குக் குளிக்க மனசு இருக்கிறதா' என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பெண்கள் செவ்வாயும் வெள்ளியும் ஒன்பது மணிக்கு ஆபீசில் இருக்க வேண்டி வந்தபோது கிழமை என்ற கொக்கி அறுந்தது. எண்ணெய் ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்ந்து, பல வீடுகளில் தீபாவளிக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது.

புதுக் கொக்கிகள் இல்லாமல் இல்லை. குக்கர் மூன்று விசில் அடிக்கும் நேரம், பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும் வழி, காபிப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்த பிரஷர் மாத்திரை. தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் பூக் கட்டுகிறவர்களும் சஷ்டி கவசம் முணுமுணுப்பவர்களும் ஜன்னலோரம் கண் மூடியிருப்பவர்களும் எந்த ஆப்பும் இல்லாமல் இதைத்தான் செய்கிறார்கள்.

அடுத்த சிக்கல், அளவு. 10,000 அடி நடந்தே தீர வேண்டும் என்ற இலக்கு 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பிரபலமானது. சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களை ஹார்வர்டின் ஐ-மின் லீ குழு ஆராய்ந்து 2019-ல் வெளியிட்ட முடிவு ஆறுதலானது: நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவு, 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. உடற்பயிற்சி ஒரே மூச்சில் 10 நிமிடமாவது இருந்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனமும் 2020 வழிகாட்டுதலில் விட்டுவிட்டது. பஸ் ஸ்டாப்புக்கு எட்டி நடப்பதும் கணக்கில் சேரும்.

இனி மிஞ்சுவது நேரம். அதற்குத்தான் எந்த ஆலோசனையும் சரியாகப் பதில் சொல்வதில்லை. இந்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்கு 289 நிமிடம் கொடுக்கிறார்கள். அதே வேலை செய்யும் ஆண்கள் 88 நிமிடம். அதிலும் அந்த வேலையில் கைவைக்கும் ஆண்களே குறைவு. இந்த லட்சணத்தில் பெண்களைப் பார்த்து, விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தால் உங்களுக்கென்று ஒரு மணி நேரம் கிடைக்கும் என்கிறார்கள். தூக்கத்தை வெட்டி உடம்பைப் பேணுவது நல்ல கூத்து.

அந்த ஒரு மணி நேரம் 289 நிமிடத்திலிருந்துதான் வர வேண்டும். 'கூடமாட உதவி செய்கிறேன்' என்பதில் அது வராது; கேட்டு வாங்குவதும் ஒரு வேலைதான். திங்களும் வியாழனும் இரவுச் சமையல் கணவருடையது என்று கிழமை குறித்துவிட்டால் வரும். என்ன சமைப்பது, வீட்டில் தக்காளி இருக்கிறதா, மாவு புளித்துவிட்டதா என்று பார்ப்பது உட்பட.